தகரக் கொட்டகை முதல் அடுக்குமாடி வரை: ஆஸ்திரேலியாவின் குடியேறிகள் விடுதிகளும் அரசு வீடுகளும்

மெல்பர்ன் நகரிலுள்ள 44 அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளையும் 2051-க்குள் படிப்படியாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக, 2023 செப்டம்பரில் விக்டோரியா மாநில அரசு அறிவித்தது. அன்று முதல் அங்கே வளர்ந்தவர்களின் நினைவுகள் நிறைய வெளிவருகின்றன. அவர்களில் சிலருடைய பேச்சு இன்னும் பின்னோக்கிப் போய், 1950-களின் குடியேறிகள் விடுதிகளைத் தொடுகிறது. படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இங்கேதான். ஒருவர் "என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்கள்" என்கிறார். அதே முகாமைப் பற்றி இன்னொருவர், "அம்மா தினமும் அழுதாள்" என்கிறார். ஒரே இடத்தைப் பற்றி எப்படி இவ்வளவு வேறுபட்ட சாட்சிகள்?

யாரோ ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கொட்டகைக்குள் யார் எந்த ஒப்பந்தத்தோடு வந்தார்கள், எத்தனை வயதில் வந்தார்கள் என்பதில் பெரும்பாலான விடை இருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

ஹாஸ்டல் என்றதும் நமக்குக் கல்லூரி விடுதி நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. கப்பலில் வந்திறங்கிய குடும்பங்களுக்கு, சொந்தமாக வீடு கிடைக்கும்வரை அரசு கொடுத்த தற்காலிகத் தங்குமிடம்தான் குடியேறிகள் விடுதி. படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, பொதுக் குளியலறை எல்லாம் அங்கே உண்டு. இலவசம் இல்லை. சம்பாதிப்பவரிடம் வாராவாரம் கட்டணம் வாங்கினார்கள்.

பெரும்பாலான விடுதிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ முகாம்கள். அங்கிருந்த நிசென் கொட்டகை என்பது பாதியாக வெட்டிய உருளையைக் கவிழ்த்து வைத்தது போன்ற, நெளிவுத் தகரத்தால் ஆன கூடு. பீட்டர் நிசென் என்ற ராணுவப் பொறியாளர் 1916-இல் போர்முனைக்காக வடிவமைத்தது. சீக்கிரம் நிறுத்தலாம், சீக்கிரம் கழற்றலாம். குடும்பம் நடத்துவதற்காக யோசித்த வடிவம் அல்ல.

ஹவுசிங் கமிஷன், ஹவுசிங் டிரஸ்ட் என்பவை மாநில அரசுகளின் வீட்டுவசதி அமைப்புகள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1936-இலும் விக்டோரியாவில் 1938-இலும் தொடங்கின. இவை வீடு கட்டி வாடகைக்கு விட்டன, சில வீடுகளை விற்கவும் செய்தன.

இரண்டு பற்றாக்குறைகள் ஒன்றாக வந்தன

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 74 லட்சம். அவ்வளவு பெரிய கண்டத்துக்கு அது மிகக் குறைவு என்ற பயம், 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரைக் குண்டு வீசித் தாக்கியபின் கூடிவிட்டது. தொழிற்சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் அணைகளுக்கும் ஆள் வேண்டும். 1945-இல் குடியேற்றத்துக்கென்று தனி அமைச்சகம் தொடங்கி, ஆர்தர் கால்வெல் முதல் அமைச்சரானார். குடியேற்றத்தால் ஆண்டுக்கு 1 விழுக்காடு மக்கள்தொகை கூட வேண்டும் என்பது குறி.

இன்னொரு பக்கம், உள்ளூர்க்காரர்களுக்கே வீடு இல்லை. பொருளாதார மந்தமும் போரும் சேர்ந்து பல ஆண்டுகள் வீடு கட்டுவதை முடக்கிவிட்டன. நாட்டில் சுமார் 3 லட்சம் வீடுகள் குறைவு என்று 1944-இல் அரசு ஆணையம் ஒன்று கணக்கிட்டது. மெல்பர்ன் ராயல் பூங்காவில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன கேம்ப் பெல் என்ற முகாமில், வீடில்லாத ஆஸ்திரேலியக் குடும்பங்களே பத்து ஆண்டுகள் கொட்டகைகளில் வாழ்ந்தன. 1956 ஒலிம்பிக்குக்கு முன்புதான் அது காலியாக்கப்பட்டது.

ஆகவே வருகிறவர்களுக்கு வேலை இருந்தது, வீடு இல்லை. புதிதாக வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களின் வீட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பினால் குடியேற்றத் திட்டமே கவிழ்ந்துவிடும். இந்த முடிச்சுக்கு அரசு கண்ட தீர்வு ராணுவக் கொட்டகை. விடுதிகளை நல்லெண்ணத்தால் திறந்த தர்மசாலைகள் என்றோ கொடுமைக்காகவே அமைத்த சிறைகள் என்றோ எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே படுக்கை, வெவ்வேறு ஒப்பந்தம்

யார் எந்த நிபந்தனையோடு வந்தார்கள் என்பதை வைத்து மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாம்.

1. பிரிட்டன்காரர்கள். 1947-இல் தொடங்கிய பயண உதவித் திட்டத்தில் பெரியவர்களுக்குக் கட்டணம் வெறும் 10 பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும், முன்பே திரும்பினால் பயணச் செலவைக் கட்ட வேண்டும். எந்த வேலை என்பது அவர்கள் விருப்பம். மன்னரின் குடிமக்கள் என்பதால் ஆறு மாதம் வசித்தால் வாக்குரிமை. 1972 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன்காரர்கள் வந்தார்கள். ஏறத்தாழ கால் பங்கினர் திரும்பிப் போனார்கள், போனவர்களில் பலர் மறுபடியும் வந்தார்கள்.

2. போரில் நாடிழந்தவர்கள். பால்டிக் நாடுகள், போலந்து, உக்ரைன், யுகோஸ்லாவியா முதலிய இடங்களிலிருந்து ஜெர்மனி முகாம்களில் வந்து தேங்கியவர்கள். பிரிட்டனிலிருந்து ஆளை ஏற்றிவரக் கப்பல் போதவில்லை. அதனால் 1947 ஜூலையில் சர்வதேச அகதிகள் அமைப்புடன் கால்வெல் உடன்பாடு செய்தார். சுமார் 1,70,000 பேர் இப்படி வந்தார்கள். பயணம் இலவசம். ஆனால் இரண்டு ஆண்டுகள் அரசு சொல்லும் இடத்தில், அரசு சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். ஆண்கள் கூலித் தொழிலாளி, பெண்கள் வீட்டு வேலையாள் என்றே பெரும்பாலும் பதிவானார்கள். மருத்துவரும் வழக்கறிஞரும் இதற்கு விலக்கில்லை. குடியுரிமைக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

3. 1950-களில் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் போட்டு அழைத்து வரப்பட்ட இத்தாலியர், டச்சுக்காரர், ஜெர்மானியர், கிரேக்கர். வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியோடு வந்தார்கள்.

இந்த மூன்று கூட்டங்களிலும் இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். 1901 முதல் நடப்பிலிருந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையால் ஆசியர்களுக்குக் கதவு மூடியிருந்தது. இலங்கையிலிருந்து அந்த ஆண்டுகளில் போகமுடிந்தவர்களில் பெரும்பாலோர், தங்கள் ஐரோப்பிய வம்சாவளியை நிரூபிக்க முடிந்த பறங்கியர்கள்தான். நாடிழந்தவர்களின் முதல் கப்பலில் வந்த 800-க்கும் மேற்பட்டோரும் இளம் வயதும் பொன்னிறத் தலைமுடியுமாகப் பார்த்துப் பொறுக்கியெடுக்கப்பட்ட பால்டிக் நாட்டவர்கள். இவர்களைப் பார்த்தால் ஆஸ்திரேலியர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்பது கணக்கு. 1947 நவம்பர் 28 அன்று பெர்த் அருகே ஃப்ரீமான்டில் துறைமுகத்தில் அந்தக் கப்பல் வந்து நின்றது.

போனகில்லாவில் ஒரு நாள்

அந்த முதல் கூட்டம் போய்ச் சேர்ந்த இடம் போனகில்லா. ஆல்பரி, வொடோங்கா இரட்டை ஊர்களுக்குப் பக்கத்தில், ஹியூம் ஏரிக்கரையில் இருந்த ராணுவ முகாம். 1947 முதல் 1971 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாக நாட்டுக்குள் போனார்கள். மொத்தம் 24 பகுதிகள். இன்று மிச்சமிருப்பது 19-ஆம் பகுதி. 2007-இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கப்பலிலிருந்து இறங்கி, நெடுந்தூர ரயிலில் வந்தவர்களின் நினைவில் முதலில் நிற்பது அந்த வெறுமை. மரம், புல், தகரம், அவ்வளவுதான். தொடக்க ஆண்டுகளில் சுவர்களுக்கு உள்பூச்சோ பலகையோ இல்லை. கோடையில் தகரம் அனலாய்க் கொதிக்கும், குளிர்காலத்தில் வெளியே உறைபனி விழும். முதலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். குடும்பமாக இருந்தவர்கள் ராணுவப் போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் குடும்பத்தின் இருமலும் சண்டையும் அப்படியே காதில் விழும். இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இருட்டில் வெளியே நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்களுக்கு இதுவே பெரும்பாடு.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாத நினைவே கிடையாது என்று சொல்லலாம். வரிசையில் நின்று, தட்டை நீட்டி வாங்க வேண்டும். வாரம் முழுக்க வயதான செம்மறியின் இறைச்சி, அதன் கொழுப்பு வாடை. பசியால் வாடிய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு அவ்வளவு இறைச்சியும் வெள்ளை ரொட்டியும் வியப்பாகவும் இருந்தது, கொஞ்ச நாளில் வாயில் வைக்க முடியாமலும் போனது. ஆலிவ் எண்ணெயும் பாஸ்தாவும் பழகிய இத்தாலியர்களுக்கு அது சாப்பாடாகவே படவில்லை. கொட்டகைக்குள் சமைக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் பம்ப் ஸ்டவ்வை ஒளித்து வைத்து, காவலர் வராத நேரம் பார்த்துத் தங்கள் ஊர்ச் சமையலைச் சமைத்துக்கொண்டார்கள். பல வீடுகளில் இன்றும் சொல்லப்படும் கதை இது. தன் பிள்ளைக்குத் தன் கையால் சமைத்துப் போட முடியாமல் மாதக்கணக்கில் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால், அந்த ஸ்டவ்வுக்கு இருந்த மதிப்பு புரியும்.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. 1949-இல், புதிதாக வந்த 13 குழந்தைகள் ஊட்டக்குறைவால் இறந்தார்கள். அரசு விசாரணை நடத்த வேண்டி வந்தது. விடுதி நாட்களை இனிமையாக மட்டும் நினைவுகூரும் கட்டுரைகளில் இந்தச் செய்தி பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

பிரிக்கப்பட்ட குடும்பங்கள்

போனகில்லா வரவேற்பு முகாம் மட்டுமே. சில வாரங்களில் வேலைவாய்ப்பு அதிகாரியின் மேசைக்கு முன் நிற்க வேண்டும். கரும்பு வெட்டவோ, ரயில் பாதை போடவோ, மரம் அறுக்கவோ, செங்கல் சூளைக்கோ அனுப்புவார்கள். 1949-இல் தொடங்கிய பனி மலை நீர்மின் திட்டத்தில் மட்டும், அது முடிந்த 1974 வரை, 30-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 1 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

வேலை நடக்கும் இடத்தில் ஆண்களுக்குக் கூடாரமோ தொழிலாளர் விடுதியோ கிடைக்கும். மனைவி மக்களுக்கு இடமிருக்காது. அவர்களைக் கௌரா, பெனல்லா, கிரெட்டா போன்ற ஊர்களில் இருந்த குடும்ப முகாம்களுக்கு அனுப்பினார்கள். நடுவே பல நூறு கிலோமீட்டர். கணவன் தன் தங்குமிடத்துக்கும் பணம் கட்ட வேண்டும், முகாமில் இருக்கும் குடும்பத்துக்கும் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்து வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பது எப்படி? விடுதியை விட்டு வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆனதற்குச் சோம்பல் காரணமல்ல, இந்த இரட்டைக் கட்டணம்தான் காரணம்.

ஏன் கலவரம் வந்தது?

வேலை இருக்கும்வரை கொட்டகையைப் பொறுத்துக்கொண்டார்கள். 1952-இல் பொருளாதாரம் சரிந்து வேலை நின்றபோது, போனகில்லாவில் மாதக்கணக்கில் முடங்கிய இத்தாலியர்கள் பொங்கியெழுந்தார்கள். 1961 ஜூலையில் மறுபடியும் அதே நிலை. இத்தாலியர், ஜெர்மானியர், யுகோஸ்லாவியர் சேர்ந்து ஊர்வலம் போனார்கள், போலீசோடு மோதல் ஆனது. அவர்கள் கேட்டது வேலை கொடு, இல்லையென்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பு என்பதைத்தான்.

பிரிட்டன்காரர்களின் போராட்டம் வேறு மாதிரி. 1951-இல் விடுதிகளை நடத்துவதற்கென்று அரசே ஒரு நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கட்டணம் ஏறியபோது, ஏற்றியதைக் கட்ட மாட்டோம் என்று பல விடுதிகளில் குடும்பங்கள் ஒன்றாக மறுத்தன. அவர்களுக்கு மொழி தெரியும், வாக்கு இருந்தது, சட்டசபை உறுப்பினருக்கு எழுத முடிந்தது. நாடிழந்து வந்தவர்களுக்கு இவை எதுவும் இல்லை. அவர்கள் குறை சொல்லாமல் இருந்ததை நன்றியுணர்ச்சி என்று அப்போதைய அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அது பாதிதான் சரி என்பது என் எண்ணம். ஒப்பந்தம் கையில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்?

இப்போது அந்த நினைவுகளுக்கு வருவோம்

இன்று விடுதி நினைவுகளைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்று குழந்தைகள். பெற்றோர் தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. குழந்தைக்கு அந்த முகாம் என்னவாக இருந்தது? கூப்பிட்ட குரலுக்கு ஐம்பது விளையாட்டுத் துணைகள். ஏரி. வாரக்கடைசியில் கூடத்தில் சினிமா. தெரு முழுக்க வேறு வேறு மொழி, ஆறே மாதத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம். பெற்றோர் இழந்த பட்டமும் வீடும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

சிட்னியின் வில்லாவுட் விடுதியில் சந்தித்த டச்சு, ஸ்காட்டிஷ், ஆங்கிலேயக் குடும்பத்துப் பையன்கள் 1964-இல் ஈஸிபீட்ஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கி, ஆஸ்திரேலிய ராக் இசையின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் யங்கின் தம்பிகள்தான் பின்னாளில் ஏசி/டிசி குழுவை அமைத்தவர்கள். அடிலெய்டின் பென்னிங்டன் விடுதியில், 1966-இல் வேல்ஸிலிருந்து வந்த கில்லர்ட் குடும்பம் தங்கியது. அந்தக் குடும்பத்தின் இளைய மகள் ஜூலியா கில்லர்ட் பிரதமரானார். 1977-இல் வியட்நாமிலிருந்து படகில் வந்த ஹியூ வான் லே என்பவரும் அதே விடுதியில் தங்கினார், 2014-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார்.

இப்படிப்பட்ட வெற்றிக் கதைகள் உண்மையானவை. அவற்றை மட்டும் வைத்து விடுதியை எடை போட்டால், நாற்பது வயதில் வந்து, படித்த படிப்பை மறந்து, தொழிற்சாலையில் தரை துடைத்தே ஓய்வுபெற்ற மனிதரின் கணக்கு விட்டுப்போகும். அவர் பெரும்பாலும் எதையும் எழுதி வைக்கவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் போனகில்லா பதிவு அட்டைகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. பெயர், புகைப்படம், பிறந்த ஊர், எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரம். அப்பா எங்கே அனுப்பப்பட்டார் என்பதைப் பிள்ளைகள் சிலர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

விடுதியிலிருந்து வீட்டுக்கு

சரி, விடுதியை விட்டு எங்கே போனார்கள்? இங்கேயும் யார் என்பதைப் பொறுத்து வழி பிரிந்தது.

1945-இல் மத்திய அரசும் மாநிலங்களும் வீட்டுவசதி உடன்பாடு செய்துகொண்டன. மத்திய அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும், மாநிலம் கட்டும், சம்பளம் குறைந்த குடும்பத்துக்கு வாடகை அதன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அன்று அரசு வீடு என்பது பரம ஏழைகளுக்கான கடைசிப் புகலிடம் அல்ல. வேலையில் இருக்கும் தொழிலாளர் குடும்பத்தின் வீடு. இன்றைய நிலையை வைத்து அதைப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வராக இருந்த தாமஸ் பிளேஃபோர்டின் கணக்கு இன்னும் கூர்மையானது. வாடகை குறைந்தால் கூலி குறைவாக இருந்தாலும் குடும்பம் ஓடும், கூலி குறைந்தால் தொழிற்சாலைகள் தேடி வரும். அப்படித்தான் 1955-இல் அடிலெய்டுக்கு வடக்கே வயல்வெளியில் எலிசபெத் என்ற புது நகரம் பிறந்தது. ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள், பக்கத்திலேயே ஹோல்டன் கார் தொழிற்சாலை. குடியேறியவர்களில் பெரும்பகுதி பிரிட்டன்காரர்கள். தார் போடாத சாலையின் சேறும், சொந்தத் தோட்டம் கிடைத்த மகிழ்ச்சியும் அவர்கள் நினைவில் சேர்ந்தே வரும். 2017 அக்டோபர் 20 அன்று ஹோல்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டையும் வேலையையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட ஊரில், வேலை போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் அனுபவித்தது.

இத்தாலியரும் கிரேக்கரும் அரசு வீட்டை அதிகம் நம்பவில்லை. கார்ல்டன், ஃபிட்ஸ்ராய் போன்ற மெல்பர்னின் பழைய பகுதிகளில், உறவினர்களோடு பணம் போட்டு இடிந்த வீடுகளை வாங்கி, அறைகளை உள்வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்தார்கள். 1960-களில் ஹவுசிங் கமிஷன் 'சேரி ஒழிப்பு' என்று சொல்லி இடிக்க வந்தது இதே பகுதிகளைத்தான். அதிகாரிக்குச் சேரியாகத் தெரிந்தது, ஒரு குடியேறிக் குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு.

அப்படி இடித்த இடங்களில் எழுந்தவைதான் அந்த 44 கட்டடங்கள். போரின்போது ராணுவ டாங்கி செய்வதற்கென்று கட்டிய ஹோம்ஸ்கிளென் தொழிற்சாலையில் கான்கிரீட் பலகைகளை வார்த்து, கொண்டுவந்து அடுக்கிக் கட்டியவை. பெரும்பாலும் 20 மாடி, சில இடங்களில் 30 வரை.

கட்டடம் அதே, ஆட்கள் மாறினார்கள்

1970-களுக்குப் பிறகு மூன்று மாற்றங்கள்.

1. 1973-இல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முடிந்தது. அடுக்குமாடிகளில் துருக்கியர், வியட்நாமியர், அப்புறம் சோமாலியா, எரித்திரியா, எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள்.

2. அரசு வீட்டுக்கு வருமான வரம்பு வந்தது. வேலைக்குப் போகும் குடும்பங்களின் வீடாக இருந்தது, மிகவும் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. இன்று அரசும் லாபநோக்கற்ற அமைப்புகளும் வாடகைக்கு விடும் வீடுகளில் இருப்பது நாட்டின் குடும்பங்களில் சுமார் 4 விழுக்காடுதான்.

3. வில்லாவுட் விடுதியின் ஒரு பகுதி 1976-இல் தடுப்பு மையமானது. ஐரோப்பியரைக் கைதூக்கி விட்ட அதே நிலத்தில், 2009-க்குப் பின் படகில் வந்த ஈழத்தமிழர்கள் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டார்கள். அகதி என்று ஏற்கப்பட்டும், உளவுத்துறையின் பாதகமான மதிப்பீட்டால் சிலர் ஆண்டுக்கணக்கில் வெளியே வர முடியவில்லை. தமிழர்களுக்கு வில்லாவுட் என்ற பெயர் அறிமுகமானது இப்படித்தான். ராக் இசைக்காரர்களின் வில்லாவுட்டும் இவர்களின் வில்லாவுட்டும் ஒரே முகவரி.

இப்போதைய சிக்கல் எங்கே இருக்கிறது?

2020 ஜூலை 4 அன்று, கொரோனா பரவியதால் ஃபிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளின் ஒன்பது கட்டடங்களில் இருந்த சுமார் 3,000 பேர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். கீழே போலீஸ் நின்றது. அது அவர்களின் மனித உரிமைகளை மீறியது என்று மாநிலக் குறைதீர் ஆணையர் அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். இடிக்கத் தேர்ந்த முதல் கட்டடங்களில் சில இதே பகுதியில் இருப்பவை. குடியிருப்போர் அரசின் வாக்குறுதியைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

அவர்கள் கேட்பதைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பொது வீட்டுவசதியில் வீட்டுக்காரர் அரசு. சமுதாய வீட்டுவசதியில் வீட்டுக்காரர் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. வாடகைக் கணக்கும் குடியிருப்பு நிபந்தனைகளும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிய கட்டடம் வந்தபின் திரும்பி வரலாம் என்று அரசு சொல்கிறது. திரும்பி வரும்போது வீட்டுக்காரர் யார், எத்தனை அறை, வருமானத்தில் எத்தனை பங்கு வாடகை என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள் என்பது பல குடும்பங்களின் கோரிக்கை. அறிவிப்பு வந்தபோது இந்தக் கட்டடங்களில் சுமார் 10,000 பேர் வசித்தார்கள். கடைசிக் கட்டடம் இடிபடும் ஆண்டில், இப்போது அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.